பூசைக்கு முன் ஒரு காப்பி

1945 டிசம்பர் 2, ஞாயிறு

பாலன் பிறப்புக்கு ஆயத்தமாகும் ஆகமன காலம் தொடங்கிவிட்டது. சாமியாருக்கு ஊதா உடுப்பு. போர் முடிந்து வருகிற முதல் ஆகமனம். விளக்குக்குக் கறுப்புத்தாள் ஒட்டாமல் செபமாலை சொல்ல முடிகிறதே, அதற்கே தோத்திரம்.

ஆனால் காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "ஏளா, காப்பி எங்க?" என்றார். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அவர் மூன்று வருடமாகப் பூசைக்கு முன் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

டிசம்பர் 3

சவேரியார் திருநாள். விடாத மழை. கோயிலில் பிளாரன்ஸ் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் விக்டரின் மனைவி. அண்ணனும் தம்பியும் பேசாவிட்டால் என்ன, கோயிலில் எங்களுக்கு ஒரே பாய்தான்.

"ஒன் வீட்டுக்காரரு எப்படி இருக்காவ?"

"காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காவ."

"எங்க வீட்லயும் அதே காப்பிதான்ளா" என்றாள். பூசை நேரத்தில் இருவரும் சிரித்துத் தொலைத்தோம்.

டிசம்பர் 8, சனி

அமலோற்பவ மாதா திருநாள். கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கினேன். அவருடைய அப்பா, என் மாமா, கொழும்பிலிருந்து தோணியில் கொண்டுவந்த சுரூபங்கள். மாமா கண்ணை மூடியதும் விக்டர் அத்தான் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தோணியை விற்றார். அதில் தொடங்கியது. கட்டில், அண்டா என்று பங்கு பிரித்தவர்கள் குடிலையும் விடவில்லை. மாதா, சூசையப்பர், மாடு எங்களுக்கு. பாலன் இயேசுவும் மூன்று ராசாக்களும் அவர்களுக்கு. தாயையும் பிள்ளையையும் பங்கு போட்ட குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்!

சாமியார் அப்போதே இருவரிடமும் சொல்லிவிட்டார்: ராசியாகிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகுதான் பாவசங்கீர்த்தனம் கேட்பேன், அது இல்லாமல் நன்மை கிடையாது. இருவருக்கும் வீம்பு. அதனால் இருவருக்கும் நன்மை இல்லை.

எங்கள் மகள் பேபி வெறும் தொட்டிலில் ஒரு முத்துச்சிப்பியை வைத்துத் துணி போர்த்தினாள். மூன்று வருடமாக அதுதான் எங்கள் பாலன்.

டிசம்பர் 19, புதன்

ஒருசந்தி இருக்கிறேன், ஒரு வேளைச் சாப்பாடுதான். பாலனே, எங்கள் வீட்டுக்கு வாரும். வேறொன்றும் கேட்கவில்லை. (பசிக்கிறது.)

டிசம்பர் 23, ஞாயிறு

பிரசங்கத்தில் சாமியார், ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் பண்ணுங்கள் என்றார். பள்ளத்தை நிரவ வேண்டுமாம், மேட்டைத் தாழ்த்த வேண்டுமாம். எனக்குச் சுரீரென்றது. பெத்லகேமுக்கு நடந்து போனது யார்? நிறைமாதத்தோடு மாதா அல்லவா? நான் என்னவென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து வாரும் வாரும் என்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "மாதாவையும் சூசையப்பரையும் ஒங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய் வச்சிருவோம்."

எரிந்து விழுந்தார். "அவன் வாசல நான் மிதிக்கணுமோ?"

"நீங்க மிதிக்க வேண்டாம். சூசையப்பர் மிதிப்பாரு. நீங்க தூக்கிக்கிட்டு மட்டும் வாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமா, சிரிப்பா? பின்னால் இருந்து பார்த்தால் தெரியவில்லை.

டிசம்பர் 24

வந்தார்! மாதாவே, வந்தார்.

துண்டில் சுற்றிய சூசையப்பரோடு அவர், மாதாவோடு நான், குடையோடு பேபி. விக்டர் அத்தான் கதவைத் திறந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் சூசையப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மழையில நனையுதாருல்லா. உள்ள கொண்டு வாலே" என்றார் அத்தான்.

பாலனுக்குப் பக்கத்தில் மாதாவை வைத்தேன். பிளாரன்ஸ் அக்கா அழுதாள், நானும் அழுதேன். ஆண்கள் ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பற்றி நாலு வார்த்தை பேசினார்கள். அவ்வளவுதான். ஆனாலும் பேசினார்கள்.

டிசம்பர் 25

பாலன் பிறந்தார். என் வீட்டுக்காரர் காப்பி குடித்துவிட்டுத்தான் பூசைக்கு வந்தார். இருக்கட்டும். கேட்டதில் பாதி கிடைத்தது. அந்தப் பாதிக்கு நன்றி, ஆண்டவரே. மீதிக்கு ஒற்றைக்காலில் நிற்பேன், தெரியும்தானே?

டிசம்பர் 29, சனி

குடில் மாடு மட்டும் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. நான் ஒன்றும் வேண்டுமென்று விட்டுவரவில்லை, மாதா சாட்சி. — வேண்டாம், மாதாவை இதில் இழுக்க வேண்டாம்.

காலையில் அவரே பார்த்தார். "மாடு இல்லாம என்ன தொழுவம்?" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தனியாக! நான் சொல்லாமல்!

மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாளை மீன் குழம்பை மூடி வைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வந்தார்.

"அண்ணன் வீட்ல சாப்ட்டேன். பொறவு ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். சனிக்கிழமல்லா, கூட்டம்."

சனிக்கிழமைக் கூட்டம் பாவசங்கீர்த்தனத்துக்குத்தான். குழம்பைச் சுடவைக்கப் போனேன்.

டிசம்பர் 30, ஞாயிறு

கை பழகிவிட்டது, விடியுமுன் காப்பி போட்டுவிட்டேன். நீட்டினால், "வேண்டாம்ளா, பூசை முடிஞ்சி வந்து குடிக்கேன்" என்றார்.

டம்ளரை மூடி வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சேலை மாற்றப் போனேன்.