எழுத்துத் தூண்

செப்டம்பர் 1, திங்கள்

ஷிரோக்கோ காற்று மூன்றாவது நாள். பல்லிடுக்கில் மணல். நான் வேலைக்குப் போகிற சிஞோரா வீட்டில் யன்னல் பலகை எல்லாம் சாத்தியும் தூசு. துடைத்த இடத்தையே நாலு தரம் துடைத்தாயிற்று.

செய்ய வேண்டியது: சிஞோராவுக்குக் கண்மருந்து. போர்கோ வெக்கியோ சந்தையில் கத்தரிக்காய். என் வீட்டுக்காரருக்கு வேலைச் சப்பாத்து. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடைத் தண்ணீருக்குள் நின்று நின்று பழையது வாயைப் பிளந்துவிட்டது. அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குப் படம் சரியென்று பதில்.

படம் என்றால், மாதா திருநாளுக்கு எங்கள் சனத்துக்குக் கொடுக்கிற சின்னப் படம். முன்பக்கம் மாதா. பின்பக்கம் கத்தேட்ராலே என்கிற பெரிய மாதா கோயிலின் வாசலில் நிற்கிற எழுத்துத் தூண். கீழே ஒரு வரி: “இயேசுநாதர் பேசிய மொழியில் எழுதப்பட்ட அற்புதத் தூண்.” வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அந்த வரி என் வாயில் பிறந்தது. பதினொரு வருடத்துக்கு முன் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி வராமல் கெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்கு நடந்து களைத்த ஒரு நாள், அந்தத் தூணில் சாய்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் கல்லில் வளைந்து வளைந்து எழுத்து. ஏனோ மனம் ஆறியது. வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி, சிலுவை போட்டேன். அந்தக் கிழமையே பெர்மெஸ்ஸோ வந்துவிட்டது. சிநேகிதி யசிந்தாவிடம் சொன்னேன். அவள் மைக் இல்லாத வானொலி. இப்போது பூசை முடிந்தால் மன்னார், யாழ்ப்பாணம், தீவார் எல்லாரும் வரிசையில் நின்று தொடுகிறார்கள். மொரீசியஸ்காரரும் பூவோடு வருகிறார்கள். “என்ன பாஷை அக்கா?” என்று ஒருத்தி கேட்டபோது தெரியாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யேசுநாதரின் பாஷை என்று அவிழ்த்துவிட்டேன்.

இன்று சிஞோரா மேசையில் கிடந்த படத்தை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

“மெற்றில்டா, உங்கள் மாதாவுக்குப் பின்னால் ஏன் அரபு எழுத்து?”

தேத்தண்ணி பாதி கோப்பையில், பாதி தட்டில்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காற்று விட்டது. தலையிடி விடவில்லை.

சிஞோராவிடம் படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்று. உடுப்பு மினுக்க வேண்டிய நேரத்தில் அதைத்தான் பார்த்தேன். சிஞோராவும் பக்கத்தில் வந்து இருந்தார். கத்தேட்ராலே இருக்கிற இடம் முதலில் கோயில். பிறகு பள்ளிவாசல். பிறகு திரும்பக் கோயில். வாடகை வீட்டில் ஆள் மாறுவது போலச் சொல்லிக்கொண்டு போகிறார்.

தெரிந்துகொண்டது:

நபிகள் இறந்து இருநூறு வருடத்துக்குள் இந்தப் பட்டினம் முஸ்லிம்களின் கையில். துனீசியாப் பக்கத்தால் கப்பலில் வந்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒரு ஆள் சொன்னது, அதுவும் ஒரு வியாபாரி, இவ்வளவு கெதியாய் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? சண்டையாலா, கதையாலா? சிஞோரா: “இரண்டாலும். வரியாலும்.”

எலுமிச்சை, கரும்பு அவர்கள் கொண்டுவந்தது. நிலத்துக்குக் கீழே தண்ணீர் போக வாய்க்கால் வெட்டினார்களாம். இன்னும் இருக்கிறதாம், நாங்கள் மேலே நடக்கிறோம்.

பிறகு வந்த கிறிஸ்தவ ராசாக்களும் அரபுக் கிளாக்கர்மாரை நிறுத்தவில்லை. காசில்கூட அரபெழுத்து. கணக்குத் தெரிந்தவனை யார் விடுவான்.

எங்கள் பக்கம் கப்பலில் போனவர்களும் அதே அரபிகள்தானே. மன்னாரில் நிற்கிற பெருக்கமரம் அவர்கள் கொண்டுவந்து நட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது ஞாபகம். அங்கே சண்டை இல்லை, முத்தும் துணியும் வாங்க வந்து கலியாணம் கட்டி இருந்துவிட்டார்கள். ஒரு மார்க்கம், இரண்டு வழி. இதை ஏன் ஒருத்தரும் எனக்கு ஒழுங்காய்ச் சொல்லித்தரவில்லை?

அண்ணைக்குப் போன் எடுத்தேன். திருநாள் வேலை எல்லாம் அவர் தலையில்தான்.

“அண்ணை, அது யேசுநாதற்றை பாஷை இல்லையாம். அரபாம்.”

“ஆர் சொன்னது?”

“சிஞோரா.”

“ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது பிள்ளை. விடு. நீதானே சொன்னனி?”

நான்தான் சொன்னேன். அதுதானே குத்துகிறது. அதைவிட, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. பதினொரு வருடமாய் முத்தின கல். “இங்கே கழுதை கட்டாதே” என்று இருந்தால்?

இன்னொன்று. அந்த எழுத்தை நான் முன்னமே எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 3, புதன்

வெயில். கண்மருந்து வாங்கியாயிற்று. சப்பாத்து மறந்துபோனேன்.

வாசிக்கத் தெரிந்த ஆள் ஒன்று எனக்குத் தெரியும். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாமான் கடையில் புதன்கிழமைகளில் வருகிற நசீரா. முக்காடு, பெரிய சிரிப்பு, கருவாடு வாங்கும்போது மூன்று தரம் மணந்து பார்ப்பாள். ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. எங்கள் மன்னார்த் தீவுதான். இப்போது குடும்பம் புத்தளத்தில். ஆறு வருடமாய்த் தலையாட்டுகிறோம், ஒரு நாளும் இருந்து கதைத்ததில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குப் பதினாலு வயதில் எங்கள் ஆட்களின் ஆயுத இயக்கம் முஸ்லிம் சனத்தைத் தீவைவிட்டு அனுப்பியது. கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் வேலிக்குள் நின்று பார்த்தோம்.

பருப்புச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். போனில் எடுத்து வைத்திருந்த தூண் படத்தையும் காட்டினேன்.

“இது எங்கட ஓதுற எழுத்து மாதிரி இருக்கு அக்கா. போனிலை தெளிவில்லை. நேரை பாத்தாத்தான் சொல்லலாம்.”

“வருவீங்களோ? கோயில் வாசல்தான், உள்ளுக்குப் போகத் தேவையில்லை.”

பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். “ஓம், வாறன். எங்களை அனுப்பேக்குள்ளை எங்கட பள்ளிவாசலிலை என்ன எழுதியிருந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்க கேக்கிறீங்க.”

கோபமாய்ச் சொல்லவில்லை. கோபமாய்ச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

பின்னேரம் நாலு மணி. கத்தேட்ராலே. சுற்றுலாக்காரர் நிழலுக்கு ஒதுங்கி ஐஸ் நக்கிக்கொண்டு.

நசீரா தூணுக்கு முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினாள். நேரமாயிற்று. நான் வழக்கப்படி தொட்டு முத்தினேன். அவள் தொடவில்லை.

“எழுத்தெண்டா நாங்க ஒளு எடுத்துத்தான் தொடுவம்.” முகம் கை கால் கழுவிச் சுத்தம் செய்வதைத்தான் சொன்னாள். “இது பழைய எழுத்து. புள்ளி எல்லாம் தெரியேல்லை.”

பிறகு இரண்டு சொல் பிடிபட்டது. அதோடு சரி, மீதி எழுத்தைப் பார்க்காமலே வாயால் வந்தது. மெல்ல, இழுத்து இழுத்து ஓதினாள். ஐஸ் தின்ற பெடியன்கூடத் திரும்பிப் பார்த்தான். அவர்களின் வேத வசனம்தான். சின்ன வயதில் பாடமாக்கினதாம்.

“என்ன சொல்லுது?”

“வானத்தையும் பூமியையும் அல்லாஹ் ஆறு நாளிலை படைச்சதைப் பற்றி. இரவு பகலை மூடுறதைப் பற்றி.”

“ஆறு நாளோ? அது எங்கடையும்தான்.”

“அப்ப பாருங்கவன்.” சிரித்தாள்.

கழுதை இல்லை. சந்தோசத்தில் எனக்கும் சிரிப்பு. எந்தக் கொத்தன் எந்தப் பள்ளிவாசலுக்கு வெட்டினானோ, பிறகு வந்தவன் நல்ல கல்லென்று கோயிலுக்கு நட்டிருக்கிறான். அவனுக்கும் வாசிக்கத் தெரிந்திருக்காது. இல்லாவிட்டால் தெரிந்தும் விட்டிருப்பான். எது உண்மை என்று யாரைக் கேட்பது?

இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். அவள் விரலைக் கல்லில் வைக்காமல் வலமிருந்து இடமாய்க் காற்றில் கொண்டுபோனாள். நீட்டி ஒரு கோடு, அதன் முடிவில் ஒரு வளைவு.

அப்போதுதான் வந்தது. எங்கே பார்த்தேன் என்று.

அப்பா வீட்டு முன்கதவு. கதவுக்கு மேல் நிலைப்பலகையில் செதுக்கின எழுத்து. அந்தக் கதவும் நிலையும் வந்தது எனக்குப் பதினாலு வயதில்.

தலை சுற்றுகிறதென்று சொல்லிப் பஸ்ஸுக்குப் போனேன். நசீரா தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்தாள். அதைக் குடிக்க எனக்கு வெட்கமாய் இருந்தது. குடித்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

சப்பாத்து வாங்கினேன். ஒரு சைஸ் பெரிது. இவர் அதற்கு ஏசவில்லை, அப்பா வீட்டுக் கதவைப் பற்றிச் சொன்னதும்தான் ஏச்சு.

“கொப்பர் வாங்கினதெண்டுதானே சொன்னவர்?”

“ஆரிட்டை வாங்கினவர்? சனமெல்லாம் போனாப்பிறகு ஆர் நிண்டு வித்தது?”

“எல்லாரும் எடுத்தவைதான். ஓடு, யன்னல், கிணத்துக் கப்பி. அப்பா எடுக்காட்டி வேறை ஒருத்தன் எடுத்திருப்பான்.”

“அதுதான் எனக்கும் தெரியுமே.”

“செத்த மனிசனைக் கள்ளனாக்கப் போறியோ? அதுவும் கடையிலை காணுற ஒருத்திக்கு முன்னாலை?”

அப்பா நல்லவர். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவர், குடித்ததில்லை, ஞாயிறு பூசை தவறினதில்லை. அந்தக் கதவைப் பூட்டும்போது ஒரு நாளும் மேலே பார்க்கமாட்டார். இதை இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

தூணில் மனம் ஆறினதும் அதனால்தான். மாதாவும் இல்லை, அற்புதமும் இல்லை. எங்கள் வீட்டு வாசல்.

அண்ணையிடம் நேரே போனேன். வரியை மாற்றாவிட்டால் பூசையில் எழும்பி நின்று நான் புளுகினதென்று சொல்வேன் என்றேன். நாடியைச் சொறிந்தார். இப்போது பின்பக்கம் தூண் இல்லை, செபம். யசிந்தா அறிந்து என்னோடு கதை இல்லை. தன் மகனின் ஒப்பரேசன் தூணால்தான் சுகமானதாம். சுகமானது சுகமானதுதானே என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் இப்போது தம்பி இருக்கிறான். நிலைப்பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்காமலே அனுப்பினான். பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறான். எழுத்து நல்லாய்த் தெரிகிறது.

செப்டம்பர் 6, சனி

சிஞோரா வீடு அரைநாள். யன்னல் திரை தோய்த்தது. கொழுவி இரண்டை உடைத்தேன்.

நசீராவுக்குப் போன் எடுத்துக் கடை வாசலுக்கு வரச் சொன்னேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன். கதவு, நிலை, வருடம், அப்பா. ஒத்திகை பார்த்து வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை, முன்னுக்குப் பின்னாய்க் கொட்டிவிட்டேன். தம்பி அனுப்பின படத்தைப் போனில் காட்டக் கொடுத்தேன்.

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓதுவாள் என்று நினைத்தேன். ஓதவில்லை. வாசித்தாள்.

“மேல் வரி அல்லாஹ்ட பேர். கீழ் வரி தமிழ், அக்கா.”

“தமிழோ? எங்கை தமிழ்?”

“அரபெழுத்திலை தமிழ். அந்தக் காலத்து ஆக்கள் எங்கட பக்கம் அப்பிடித்தான் எழுதுறது. என்ட மூத்தும்மா கடிதமும் அப்பிடித்தான்.” இன்னொரு தரம் பார்த்தாள். “சேகு மரைக்கார் வீடு. அவ்வளவுதான்.”

எட்டு வருடம் அந்தக் கதவால் போய் வந்தேன். என் பாஷையில் ஒரு ஆளின் பெயர் தலைக்கு மேல். அந்த மனிதர் கூப்பிட்டுக்கொண்டே இருந்த மாதிரி.

“தெரியுமோ அவரை?”

“இல்லை. நான் அப்ப சின்னப்பிள்ளை. புத்தளத்திலை எங்கட ஆக்கள்ட குரூப்பிலை போட்டுப் பாப்பமோ?”

போடுங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது. பஸ் ஒன்று போய் மற்றது வந்தது. சொன்னேன்.

“உங்கட பேர் போடமாட்டன் அக்கா.”

“போடுங்கோ.”

செப்டம்பர் 7, ஞாயிறு

திருநாள். மழைத் தூறல், உடனே வெயில். படம் எல்லாருக்கும் கிடைத்தது. பூசை முடிந்து பார்த்தேன், தூணில் வழக்கமான வரிசை. யசிந்தா முதல் ஆள். என்னைப் பார்த்துக்கொண்டே தொட்டாள். தொடட்டும். நான் தொடவில்லை.

பத்தே முக்காலுக்கு நசீராவின் போன். சுற்றிச் சனம், மேளம். ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“அக்கா, ஆக்கள் பிடிபட்டுது. அவர்ட மகள். வயசு எழுபதுக்கு மேலை. படத்தைப் பாத்து அழுதவவாம். பிறகு சத்தமாய் அந்தப் பேரை வாசிச்சவவாம்.”

“கதவு வேணுமாமோ? தம்பியிட்டை சொல்லிக் கழட்டி அனுப்புறன். நிலையோடை.”

“கதவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“வேறை?”

“நான் சொன்னா நீங்க குறை நினைக்கக்கூடாது. அவ கேட்டதைத்தான் சொல்லுறன். கடற்கரைக்குப் போகேக்குள்ளை வாப்பா கதவைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தவராம். பூட்டின திறப்பு இண்டைக்கும் அவவிட்டை இருக்காம். அப்ப உங்கட அப்பா அதை எப்பிடித் திறந்தவர் எண்டு கேக்கிறா.”

தெரியாதென்று சொல்லியிருக்கலாம். அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம். பூட்டு இருந்த இடத்தில் அவர் அடித்த தகரத்துண்டு, அதற்குக் கீழே பிளந்த மரம், பிள்ளைகளின் கை கிழியாமல் மெழுகு பூசியிருந்தார்.

“கோடாலியாலை,” என்றேன். “அவவிட்டை அப்பிடியே சொல்லுங்கோ.”