குண்டன், சல்லடை, மாப்பிள்ளை

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே அத்தானுக்கு முதுகு வலி குறைந்தபாடில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. மற்றபடி சௌக்கியம்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று சலித்துக்கொள்ளாதே. அவசர அழைப்பு அறையில் எட்டு மணி நேரம் முன்பின் தெரியாதவர்களிடம் "சொல்லுங்க, என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டு வந்தால், வீட்டில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. பதினேழு வருஷமாக இப்படித்தான். உனக்குத் தெரியாததா.

ஒரு உதவி வேண்டும். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதே. நீ அந்தக் கடையில் சேர்ந்தபோது, "இந்த விலைக்குக் காதையே புதுசா வாங்கிடலாமேடா" என்று கேலி செய்தவள் நான்தான். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாடிக்கையாளருக்குப் போட்டுக்காட்ட வைத்திருப்பீர்களே, அதில் ஒன்றை ஒரு வாரத்துக்கு அனுப்ப முடியுமா? பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். பின்னால் இருக்கிற மெல்லிய சத்தமும் கேட்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம்.

உன் அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலாளியிடம் காட்டவில்லை. காதையே வாங்கலாம் என்று நீ சொன்னதைப் படித்தால் என் வேலை போய்விடும்.

இந்தப் பெட்டியில் வருபவர் பெயர் குண்டன். கடையில் எல்லாவற்றுக்கும் நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். காதை முழுக்க மூடிக்கொள்கிற வகை. தோல் மெத்தை, வெளிச்சத்தம் உள்ளே வராது, அடித்தொனி நெஞ்சு வரை இறங்கும். ஆனால் எடை அதிகம். அரை மணி கழித்து தலையில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். விலை தெரிந்துவிட்டால் காது பொய் சொல்லும். இதில் வயலின் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்தால், இல்லாத வயலினும் கேட்கும். அதனால் நான் ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, எது என்னவென்று சொல்லாமல் மாட்டுவேன். "நல்லா இருக்கா?" என்று கேட்க மாட்டேன். "என்ன கேட்டுச்சு?" என்று மட்டும்தான் கேட்பேன்.

இரண்டு மணி நேரம் மாட்டிப் பார்த்து, எங்கே அழுத்துகிறது, என்ன கேட்கிறது என்று எழுது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. என்ன பாட்டு கேட்டாய் என்றும் எழுது. கீறல் விழுந்தால் என் தலைதான் உருளும்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

குண்டனைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன். கீறல் இல்லை.

கண்ணாடிக் காம்பை மெத்தை நெற்றிப்பொட்டோடு சேர்த்து அழுத்துகிறது. முக்கால் மணியில் தலைவலி வந்துவிட்டது. காதில் வியர்வை. ஆனால் மாட்டியதும் அறையில் ஏசி ஓடுகிற சத்தம் காணாமல் போனது எனக்குப் பிடித்திருந்தது. பாட்டு எதுவும் கேட்கவில்லை, பேச்சுதான் கேட்டேன். ஒருவர் பேசும்போது அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பது இதில் தெரிகிறது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

இதைவிடத் துல்லியமானது இருக்கிறதா? எனக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

சல்லடையை அனுப்புகிறேன். வெளிப்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கும். வெல்வெட் மெத்தை, காகிதம் போல எடை. உன் கண்ணாடிக்கு இதுதான் தோது. குரலும் இசையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கும். குறை ஒன்றுதான்: வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும்.

உன் குறிப்பை நாலு தடவை படித்தேன். அதில் அடித்தொனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குண்டனை மாட்டிவிட்டு அதைச் சொல்லாதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. போனில் பதிவான குரலில்தான் மேல்தொனியும் இருக்காது, அடித்தொனியும் இருக்காது, நடுப்பேச்சு மட்டும் இருக்கும். நீ ஹெட்போன் வாங்கப் போவதில்லை. எதற்கு ஒரு மாதம்? என்ன நடந்தது, அக்கா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடம் மறைக்க நினைத்தது என் தப்பு. அத்தானிடம்கூட இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு மதியம் ஓர் ஆள் கூப்பிட்டார். சமையலறையில் தீ. நான் விலாசம் வாங்கி, வண்டியை அனுப்பி, விதிப்படி, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். "யாரும் இல்லம்மா, எல்லாரும் வெளிய வந்துட்டோம்" என்றார். தன் அப்பா வெளியே நடக்கப் போயிருக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்தப் பெரியவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இல்லை என்று நான் சொன்னதால், தீயணைப்புக்காரர்கள் மாடி ஏற ஒன்பது நிமிஷம் ஆனது. பெரியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு மருமகள், "நான் பக்கத்துல நின்னு சொன்னேன், ரெண்டு தடவ சொன்னேன்" என்கிறாள். போனில் பேசிய அவள் கணவன், காதில் விழவில்லை என்கிறார். அவர் கூடப் பிறந்தவர்கள், மாமனாரோடு அவளுக்கு என்றுமே ஒத்துப்போகாது, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள் என்கிறார்கள். விசாரணை அதிகாரிகள் பதிவை அறையில் ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகிலேயே இருக்கிறது.

வாக்குமூலம் எழுதுவதற்காக, பதிவறையில் தினமும் ஒரு மணி நேரம் அந்த அழைப்பைக் கேட்க எனக்கு அனுமதி உண்டு. துணைக்கு ஒருவரையும் கூட்டிப்போகலாம். அதற்குத்தான் உன் ஹெட்போன்.

சல்லடை மாட்டியிருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுகம். குரல் தனியாக நிற்கிறது. பெண் குரல், நிச்சயம். ஆனால் வார்த்தை வரும் இடத்தில் ஏசி இரைச்சல் வந்து மூடிவிடுகிறது. நிறுத்தச் சொன்னால், மெஷினுக்கு ஆகாது என்கிறார் பதிவறைக்காரர்.

அவள் சொல்லியிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வதா, சொல்லியிருக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டு மாப்பிள்ளையை அனுப்புகிறேன். கண்ணாடி அலமாரியில் பூட்டு போட்டு இருப்பார், தொடுவதற்கே மரியாதை காட்ட வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர். மூடிய வகை, ஆனால் குண்டனைப் போல அடித்தொனி பேச்சை மூடாது. மெத்தையில் கண்ணாடிக் காம்புக்கென்றே பள்ளம் விட்டிருக்கிறார்கள். ஒருவர் மூச்சு இழுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், அந்த மூச்சும் கேட்கும்.

நீ பயப்படாதே. மாப்பிள்ளையில் கேட்டாலும் அது உன் குற்றம் ஆகாது. ஆபீஸில் கொடுத்திருப்பது எது? அதில் கேட்காத குரலுக்கு நீ எப்படிப் பொறுப்பாவாய்? அது எப்படி இருக்கும், எங்கே அழுத்தும் என்று எழுது. அதைப் பற்றி மட்டும் நீ இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டுவிட்டேன். "மாமா மேல இருக்காரு." கணவர் விலாசம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் அவள் மூச்சு வாங்குகிறாள். மறுபடியும், "மேல இருக்காருங்க." சரியாக இரண்டு தடவை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

மாப்பிள்ளை எங்கேயும் அழுத்தவில்லை. ஒரு மணி நேரமும் மாட்டிக்கொண்டு அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சுகமாக இருப்பதே எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆபீஸ் ஹெட்போனைப் பற்றிக் கேட்டாய். பேச்சு கேட்பதற்கென்றே செய்தது, ஆனால் தலைப்பட்டை இரும்பு, மெத்தை பஞ்சு போய் வெறும் தோல். வலது பொட்டில் கண்ணாடிக் காம்பை நெரிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இடது காதால் மட்டும் கேட்போம். எங்கள் அறையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். விதியில் கூடாது. மேற்பார்வையாளர் வரும்போது சரியாகப் போட்டுக்கொள்வோம். அன்று மதியமும் எனக்கு வலது பக்கம் காதுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தக் காதில் கேட்டது, பக்கத்து சீட்டுக்காரி யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தது.

இதை முதன்முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என் கடிதத்தையும் நீ கிழித்துவிடு.

வலது பக்கத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. அது பதிவில் இல்லை, பார்த்தவர் இல்லை. அந்தப் பெண் பாவம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தான் படுத்திருக்கிறார், வீடு உன் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவள் குரல் இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் சொல். கூடவே, ஆபீஸ் ஹெட்போனில் கேட்காது என்று ஒரு வரி எழுதிவிடு. யார் மாட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நான் அனுப்பிய சாமானால் உன் வேலை போனது என்றாகிவிட்டால், நான் எந்த முகத்தோடு அந்தக் கடையில் நிற்பேன்?

மாப்பிள்ளையை உடனே திருப்பி அனுப்பு.

தம்பி

மார்ச் 19

அக்கா,

ஒரு வாரமாகப் பதில் இல்லை. மாப்பிள்ளையும் வரவில்லை. முதலாளி காலியான அலமாரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். அது கிடக்கட்டும். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் மூன்று தடவை செய்தேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன்மேல் கோபம் இல்லை. விசாரணைக்கு முன் எழுதினால் உன் பேச்சைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்துதான் எழுதவில்லை. மாப்பிள்ளையை வைத்துக்கொண்டதற்கு மன்னித்துவிடு. அவர் இல்லாமல் முடிந்திருக்காது.

நீ சொன்ன வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மையாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. அதனால் ஆபீஸ் ஹெட்போனையே பதிவறைக்கு எடுத்துப்போனேன். ஆனால் நான் கேட்டு என்ன பயன்? வார்த்தை தெரிந்த காதுக்கு எதில் போட்டாலும் கேட்கும். நீ சொன்ன வயலின்தான். எனவே பக்கத்து சீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். எந்த அழைப்பு என்று சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி மாட்டினேன். "என்ன கேட்டுச்சு?" என்றேன். "ஒருத்தர் விலாசம் சொல்றாரு" என்றாள். அப்புறம் இரண்டு காதிலும் ஒழுங்காக மாட்டினேன். "பின்னாடி ஒரு பொம்பள பேசறா. யாரோ மேல இருக்காருங்கறா. எதுக்குக்கா கேக்கறீங்க?" என்றாள். அவளே கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீஸ் ஹெட்போனிலும் கேட்கிறது, தம்பி. ஒழுங்காக மாட்டியிருந்தால் எனக்கும் கேட்டிருக்கும். நான் மாட்டவில்லை. அதை அப்படியே எழுதிக்கொடுத்தேன். அன்று இரவு அத்தானிடமும் சொன்னேன். அவர், "காலையில நானும் வரேன்" என்றார். அந்த முதுகோடு வந்து, வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்றார்.

விசாரணையில் மூன்று அதிகாரிகளும் மாப்பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டிக் கேட்டார்கள். மூன்றாமவர் கழற்றும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, "நான் கேக்கலாமா?" என்றாள். கொடுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கேட்டு முடித்து, கழற்றி, நடந்துபோய், தன் கணவன் தலையில் மாட்டிவிட்டாள். முதலில் கோணலாக இருந்தது. வலது பக்கத்தைச் சரியாகக் காதின்மேல் இழுத்துவிட்டு, மறுபடியும் போடச் சொன்னாள். அந்த ஆள் பாதியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் கழற்றப் போனபோது அவள் விடவில்லை. இரண்டாவது தடவை சொல்வதையும் கேட்க வைத்தாள்.

வெளியே போகும்போது என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மன்னித்தாளா, வேண்டாம் என்றாளா, எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை இந்தப் பெட்டியில் வருகிறார். மெத்தையைத் துடைத்திருக்கிறேன். உன் குறிப்பேட்டுக்கு: கண்ணாடி போடுகிறவர்கள் நாள் முழுக்க மாட்டலாம், வலிக்காது.

உத்தரவு வரும் வரை நான் சீட்டில் உட்காரக் கூடாது. வந்தபிறகும் உட்கார விடுவார்கள் என்று தோன்றவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலை வீட்டில் போன் அடித்தது. வழக்கம்போல வயிற்றைப் பிசையும் என்று காத்திருந்தேன், பிசையவில்லை.

இனி நீ போன் செய், தம்பி. எடுக்கிறேன்.

உன் அக்கா