முதல் அறை அக்காவுக்கு

மார்ச் 4, செவ்வாய்

அருங்காட்சியகத்திலிருந்து கடிதம். என் நாற்பது வருட வேலையை ஐந்து அறைகளில் வைக்கப்போகிறார்களாம். தொகுக்கிற பொறுப்பும் எனக்கே. "பிறருடைய சிற்பங்களைத் தொகுத்த காப்பாட்சியர் முதன்முறையாகத் தன்னைத் தொகுக்கிறார்" என்று இயக்குநர் எழுதியிருக்கிறார். பதினேழு வருடம் அந்தக் கட்டடத்தில் சிற்பப் பிரிவைக் கட்டி மேய்த்தேன். நான் பதவியில் இருக்கும்வரை என் சிற்பம் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது என்று நானே விதி போட்டிருந்தேன். இப்போது அறுபத்து மூன்று வயது. விதியும் இல்லை, பதவியும் இல்லை.

தம்பிக்கு போன் செய்தேன். "செத்தப்புறம் கிடைக்கிற மரியாதை உனக்கு உசுரோட இருக்கும்போதே கிடைச்சிருக்கு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றான். வக்கீல் அல்லவா.

மார்ச் 9, ஞாயிறு

பட்டியல் போட உட்கார்ந்தேன். முதல் வரி 'சாய்ந்தவள்'. ரயில் நிலைய வாசலில் நிற்கும் இருபதடி இரும்புப் பெண். பக்கத்தில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இதுவரை எங்கேயும் எழுதாததை இங்கேயாவது எழுதுகிறேன். என் களிமண் மாதிரியில் அவள் விறைப்பாக, நேராக நின்றாள். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில்தான் அவளை இரும்பில் செய்தோம். அங்கே வெல்டர், அக்கா. முப்பது வருடமாக அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்; என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஆள் இருந்தால் என்னை 'மேடம்' என்பாள், இல்லாவிட்டால் 'ஏய்'. அன்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு காலும் ஒண்ணா நின்னா காத்துக்கு ஆடும். ஒரு காலைத் தள்ளி வெச்சு இடுப்பைச் சாய்ச்சு விடு. நின்னு நின்னு அலுத்தவ அப்படித்தான் நிப்பா" என்றாள்.

சாய்த்தோம். சாய்த்தோம் என்ன? அவள் சாய்த்தாள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சாய்வைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். என்னிடம் பேட்டியும் எடுத்தார். நானும் வாய் கூசாமல் பதில் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

பட்டறைக்குப் போனேன். பின்சுவரில் ஒரு அலமாரி. சாப்பாட்டு நேரங்களில் மிச்சத் தகடுகளை வைத்து அக்கா செய்தவை அதில் இருக்கின்றன. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி குழிந்த பஸ் இருக்கை. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிய பெண், கையளவு உயரம். இத்தனை வருடமாக நான் அவற்றை 'உன் விளையாட்டுச் சாமான்' என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

"கண்காட்சியில முதல் அறை உனக்குத்தான்க்கா" என்றேன். குதிப்பாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு? உன் மனசாட்சி உறுத்துதா?"

"இல்ல, நீ இவ்வளவு செஞ்சிருக்க..."

"உன் கருணைக்கு நான் ஆளில்ல. உன் சேலைக்கு வால் மாதிரி என்னைத் தொங்க விடாத. நல்லா இருந்தா எடு. இல்லாட்டி போ, வேலை கிடக்கு."

மார்ச் 13, வியாழன்

கருணையாம்! முப்பது வருடம் அவளிடம் திட்டு வாங்கியவள் நான். நானா கருணை காட்டுவேன்?

மார்ச் 17, திங்கள்

அவள் சொன்னதுதான் சரி. ஐந்து நாள் ஆயிற்று எனக்கு ஒத்துக்கொள்ள. காப்பாட்சியராக இருந்தபோது பரிதாபப்பட்டு யாருடைய சிற்பத்தையாவது எடுத்தேனா? உயிர்த்தோழியின் ஏழு சிற்பங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். அந்தத் தோழி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அக்காவுக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போனேன். இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு மணி நேரம். பதினொன்றை எடுத்தேன், பன்னிரண்டு வேண்டாம் என்றேன். அதில் ஒன்று, தகட்டில் செய்த தூங்கும் நாய்.

"நாய் ஏன் வேண்டாங்குற?"

"அதுக்குக் கண்ணைச் செஞ்சு கெடுத்துட்ட. கண்ணில்லாமலே அது தூங்குறது தெரியும்."

"உனக்கென்னடி தெரியும் நாயைப் பத்தி?"

அரை மணி நேரம் சண்டை. பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கடைசியில் கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டுச் சிரித்தாள். "இப்பத்தான் ஏய் நீ என்னை ஆளா மதிச்சுப் பேசுற."

வரும் வழியெல்லாம் எனக்குக் காது சூடாக இருந்தது.

மார்ச் 26, புதன்

இயக்குநர் அறை. கண்ணாடி மேஜை. என்னைவிட இருபது வயது சின்னவர். தன்மையாகத்தான் பேசுவார், அதுதான் தொந்தரவு.

"மேடம், இது உங்க கண்காட்சி. இதுல இன்னொருத்தர் எதுக்கு?"

"இன்னொருத்தர் இல்ல. பாதி."

"நன்றின்னு ஒரு பலகை வைப்போம். உதவியாளர்கள்னு போட்டு அவங்க பேரையும் சேர்த்துடலாம். வெல்டரோட வேலைக்கு முழு அறைன்னா நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்க."

பதினொன்றின் படங்களையும் மேஜைமேல் வைத்தேன். "முதல்ல பாருங்க. அப்புறம் சிரிக்கலாம்." ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 2, புதன்

கண்காட்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றே வரி.

தம்பி நேரில் வந்து கத்தினான். "உனக்குப் பைத்தியமா? நாற்பது வருஷம்! உன் பேரு நிக்க வேண்டாமா?" நிற்க வேண்டும்தான். ஆசை இல்லை என்று யார் சொன்னது? பொய்க்காலில் நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அவனுக்குப் புரியவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான்.

அழுதேன். எழுதிவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது.

ஏப்ரல் 19, சனி

'சாய்ந்தவள்' பீடத்தில் இரண்டாவது பெயரைச் சேர்க்கச் சொல்லி ரயில் நிலையத்துக்கு எழுதியிருந்தேன். 'விதிகளில் இடமில்லை' என்று பதில் வந்தது. விதியில் இல்லாவிட்டால் என்ன, கல்லில் இடம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். காவலாளி ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டும்மா வெட்டுறீங்க?"

"செஞ்சவளைக் கேட்டு."

என் பெயர்தான் ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, அடையாள அட்டையைக் காட்டினேன். தலையைச் சொறிந்தார். மேலதிகாரி வருவதற்குள் கடைசி எழுத்தும் முடிந்தது. என்ன செய்வார்? வெட்டிய கல்லை ஒட்டவா முடியும்? எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். வரட்டும்.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"என் பேரை உன் பேருக்குக் கீழ போட்டியா, பக்கத்துல போட்டியா?"

"பக்கத்துல."

"சரி." வைத்துவிட்டாள்.

மே 11, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. அக்காவின் கண்காட்சிக்காக முதலாளி சாவியைக் கொடுத்தார். பாதி கட்டிய இரண்டு பஸ்களுக்கு நடுவே பதினொரு மேடைகள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. என் வேலை ஒன்றுகூட வைக்கவில்லை. இருபது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். ஓட்டுநர்களும் தகடு வெட்டுகிறவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். நான் ஒரு காலத்தில் கண்காட்சி வைத்துக் கொடுத்த சிற்பிகளும் வந்தார்கள். மதியத்துக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குழிந்த இருக்கையின் முன் ஒரு பெண் வெகுநேரம் நின்றாள். கணவர் நடத்துநராக இருந்தாராம்.

நாலு மணிக்கு இயக்குநர். தனியாக. சிலிண்டர் தூக்கிய பெண்ணைச் சுற்றி மூன்று முறை நடந்தார். அக்கா நேராகப் போய், "சிரிப்பு வருதா சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா" என்றார். இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

ஜூன் 20, வெள்ளி

அருங்காட்சியகம் அக்காவுக்கு இரண்டு அறைகள் தருகிறது. மூன்று சிற்பங்களை நிரந்தரத் தொகுப்புக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். நான்தான் தொகுக்க வேண்டுமாம். என் கண்காட்சியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: 'பிறிதொரு சமயம் பரிசீலிக்கப்படும்.'

இரண்டு முறை படித்தேன். சுருக்கென்றது. ஆனால் ஏப்ரலில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

திறப்பு. அக்கா பேச மாட்டேன் என்றாள். மைக் கைக்கு வந்ததும் இருபது நிமிடம் விடவில்லை.

நவம்பர் 12, புதன்

புது வேலை தொடங்கினேன். தரையில் நிற்கிற ஒரு பெரிய இரும்புக் கதவு, பாதியளவே திறந்தபடி. தகடுகள் வெட்டியாயிற்று. அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வர்றியா? ரெண்டு தகடு ஒட்டணும்."

"முடியாது. என் வேலை பாதியில நிக்குது. வேற ஆளைப் பாரு."

முப்பது வருடத்தில் அவள் சொன்ன முதல் 'முடியாது'. போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கோபமா? கொஞ்சம் கோபம்தான். பிறகு கடைக்குப் போய்க் கறுப்புக் கண்ணாடி வைத்த வெல்டிங் முகமூடி ஒன்று வாங்கி வந்தேன். மதியம் முழுக்க நானே ஒட்டினேன். எட்டு இடத்தில் ஓட்டை. புறங்கையில் ஒரு கொப்புளம்.

நாளைக்கு ஏழாக்கிக் காட்டுகிறேன்.