மூடி திறக்காத சோடா

இஞ்சேருங்கோ,

இன்று கோபிகாவின் திவசம் என்பதால் மோட்ச அர்ச்சனைக்குக் கோயிலுக்குப் போகிறேன். சோறும் கறியும் குசினியில் மூடியிருக்கின்றன. மகளுக்குப் படைக்கும்வரை நீங்கள் வாயில் வைக்க வேண்டாம். உங்கள் தங்கச்சி இரஞ்சிதம் பிள்ளைகளோடு நெடுங்கேணி பஸ்ஸில் வருவா. கேற்றைப் பூட்டாமல் விடுங்கள்.

நேற்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "எங்கடை பிள்ளையின்ரை சிவப்புச் சோடா திரும்ப வந்திட்டுதப்பா" என்று சிரித்துக்கொண்டு வந்து வைத்தீர்கள். போத்தலிலும் 'திரும்ப வந்துவிட்டது' என்றுதான் பெரிதாக அடித்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு நிறுத்தினார்கள், யாருக்காக இப்போது கொண்டுவருகிறார்கள்? திரும்பி வரவேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, வந்தது சோடா!

முதல் திவசத்துக்கு வாங்கிய போத்தல்தான் நம்மிடம் இருந்தது. பிறகு கடைகளில் அது கிடைக்கவில்லை. அதையே வருஷாவருஷம் அவளுடைய படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, திரும்ப அலுமாரியில் பூட்டினேன். அதற்கு நீங்கள், "மூடி திறக்காத சோடாவை வைச்சா பிள்ளை என்னெண்டு குடிக்கும்?" என்றீர்கள். இத்தனை வருஷமும் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, நேற்றுத்தானா அதைக் கேட்பது?

பழைய போத்தலில் கை வைக்கக் கூடாது.

பி.கு: புதியதைத் திறந்து, அவளுடைய பேணியில் ஊற்றிப் படையுங்கள்.

இன்னொன்று: படைத்த பிறகு இரஞ்சிதத்தின் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். குடித்ததும் நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். கோபிகாவுக்குச் சிவந்ததுபோல் சிவக்காவிட்டால், கடைக்காரனோடு நான் வந்து கதைக்கிறேன்.