இருபத்து மூன்றாம் கேள்வி

ஜனவரி 9, வியாழன்

கல்லூரியிலிருந்து வரும் வழியில் அம்மாவுக்குக் காபித்தூள் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, சமையலறையில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கயாவது கிளம்பறியா?"

"இல்ல. வீட்டுல இருக்கறதுக்குத்தான்."

வீடு முழுக்கச் சூடு அனுப்பும் ஃபர்னஸ் நேற்று மாலையிலிருந்து ஓடவில்லையாம். எனக்கு வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது என்பதால் சொல்லவில்லையாம்.

டுவேனை வரவழைத்தேன். இந்த ஊரின் பாதி ஃபர்னஸ்கள் அவன் கையில்தான். பத்து வருடத்துக்கு முன் என் வரலாற்று வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவன். அடித்தளத்தில் அரைமணி நேரம் குனிந்து கிடந்தான். பிறகு கேஸ் வால்வை மூடி, ஃபர்னஸ் மேல் 'ஓட்டாதே' என்று ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு மேலே வந்தான்.

"உள்ள தகடு விரிசல் விட்டிருக்கு டீச்சர். ஓட்டினா விஷப்புகை வீட்டுக்குள்ள வரும். வாசனையே தெரியாது. அம்மா தூங்குவாங்க, எழுந்திருக்க மாட்டாங்க."

"ஒட்டுப் போட முடியாதா?"

"புதுசுதான் போடணும். என் கூலியைப் பாதியாக்கினாலும் ஏழாயிரம் டாலர் வரும்."

அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறை ஓய்வூதியம். எனக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். கோடையில் அதுவும் இல்லை. முதுகலைப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். எரித்தால் பத்து நிமிடம் சூடு தரும்.

ஜனவரி 10

மருந்துக்கடைக்கு மேலே என் இரண்டு அறைகள். வந்து என்னோடு இரு என்றேன்.

"குழாய்த் தண்ணியை யாரு பாத்துக்கறது? உறைஞ்சு வெடிச்சா வீடே போச்சு."

"டுவேன் தண்ணியை வடிச்சுக் குடுப்பான். பூட்டிட்டு வா. வசந்தத்துல திரும்பி வரலாம்."

"குழாயை வடிச்சுப் பூட்டிட்டுப் போன வீட்டுக்கு எந்தக் கிழவி திரும்பி வந்திருக்கா? ஒருத்தி பேரு சொல்லு கைசா."

எங்கள் சாலையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. இது ஃபர்னஸ் பற்றிய பேச்சு இல்லை. அம்மா இந்த வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்பதுதான் பேச்சு. இருவருக்கும் அது தெரியும், இருவரும் சொல்லவில்லை.

மின்சார ஹீட்டர் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் ஓடும்போது காபி போட்டால் ஃபியூஸ் போய் வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. தண்ணீர் உறையாமல் இருக்க எல்லாக் குழாயையும் சொட்ட விட்டிருக்கிறோம்.

ஜனவரி 14

உதவி தேடும் வேலைக்கு ஒரு சம்பளம் கொடுத்தால் தேவலை. இன்று ஆறு தொலைபேசி அழைப்புகள்.

கேஸ் நிறுவனத்தில் ஓர் உதவித் திட்டம் இருக்கிறது. "பாக்கி ஏதாவது இருக்கா மேடம்?" ஐம்பது வருடமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அப்போ கஷ்டம். இணைப்பைத் துண்டிக்கப்போறோம்னு நோட்டீஸ் வந்தவங்களுக்குத்தான் இது." அதாவது அம்மா ஒழுங்காக இருந்தது தப்பு.

வங்கி கடன் தரும், வீட்டை அடமானம் வைத்தால். எழுபத்தொன்பது வயதில். தேவாலயத்தில் முந்நூறு டாலர் தருகிறார்கள். பாவம், அவர்களிடம் இருப்பதே அவ்வளவுதான்.

கடைசியில் உருப்படியாக ஒன்று கிடைத்தது. குளிர்கால அவசர உதவியில், ஃபர்னஸ் செத்துப்போன வீட்டுக்குப் புதிதாகவே வைத்துத் தருகிறார்கள். வருமான வரம்புக்குள் அம்மா வருகிறாள். பதினான்கு பக்கப் படிவம். நான் நிரப்புகிறேன் என்றேன்.

"என் வீடு, என் கையெழுத்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்."

ஜனவரி 16

நான் வகுப்பில் இருந்தபோது அம்மா படிவத்தை முடித்து, பனியில் தபால்பெட்டி வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டாள். ஒருமுறை காட்டியிருக்கலாம்.

ஜனவரி 20

பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு டிகிரி ஃபாரன்ஹீட். கல்லூரி மூடிவிட்டது. உதவி அலுவலகமும் மூடிவிட்டது — குளிர் அதிகம் என்பதால்!

ஜனவரி 23

மறுத்துவிட்டார்கள்.

"மாற்று வெப்ப வசதி இயங்கும் நிலையில் உள்ளதால் அவசரநிலை இல்லை." மூன்று முறை படித்தேன். என்ன வசதி? அந்த இரண்டு மின்சாரப் பெட்டிகளா? தொலைபேசியில் ஐம்பது நிமிடம் காத்திருந்து புல்லாங்குழல் இசை கேட்ட பிறகு பிரெண்டா என்ற பெண் கிடைத்தாள். அலுவலகம் தெற்கே ஐந்நூறு மைலில் இருக்கிறது.

"இருபத்து மூணாவது கேள்வி மேடம். 'இந்த இடத்தில் வெப்பம் தரும் வேறு அடுப்பு உண்டா?' ஆமான்னு போட்டிருக்காங்க. கீழ எழுதியும் இருக்காங்க. 'விறகு அடுப்பு. நன்றாக எரிகிறது. சனிக்கிழமைதோறும்.'"

சனிக்கிழமைதோறும்.

சௌனா! வீட்டுக்குப் பின்னால், ஐம்பது கஜம் பனியைத் தாண்டி, எட்டடிக்கு எட்டடி மரக்கொட்டகை. கல்லைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, ஆவியில் குளிக்கிற இடம். பிரெண்டாவிடம் விளக்கினேன். "புரியுது மேடம். ஆனா அடுப்பு இருக்குல்ல?"

நேரே அம்மாவிடம் போனேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அங்கே யாரும் கழற்றுவதும் இல்லை.

"அது சௌனாம்மா! அதை ஏன் எழுதினே?"

"அடுப்பு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன்."

"சௌனாவைக் கேக்கலை அவங்க!"

"சௌனாவுல அடுப்பு இல்லாம ஐஸா வச்சிருக்கோம்?"

புதுப் படிவம் வாங்கித் தருகிறேன், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் இல்லை என்று போடு என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இருக்கறதை இல்லைன்னு எழுத மாட்டேன்."

யார்மேல் அதிகக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. பதினான்கு பக்கம் கேட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிற அலுவலகத்தின் மேலா? நாலு பக்கமும் பொய் சொல்லிப் பிழைக்கிற உலகத்தில் இந்த ஒரு கட்டத்தில் போய் யோக்கியமாக நிற்கிற கிழவி மேலா? எனக்கும் வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அம்மா நிரப்பிய தாளைச் சந்தேகப்படவில்லை.

மேல்முறையீடு செய்யப்போகிறேன்.

ஜனவரி 25, சனி

வழக்கம்போல் சௌனா. மேல்பலகையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டாள். சமையலறையில் விறைத்திருந்த என் விரல்கள் மடங்கின. சுகமாக இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது, அந்த அலுவலகத்துக்குச் சாட்சி சொல்வதுபோல.

அம்மாவுக்கு இருமல் இருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறாள். இதற்கு மட்டும் பொய் வரும்!

பிப்ரவரி 5

இன்று தொலைபேசியில் மேல்முறையீட்டு விசாரணை. வகுப்புக்குத் தயாராவதுபோல் தயாரானேன்: டுவேனின் கடிதம், சமையலறையின் வெப்பநிலைப் பட்டியல், மருத்துவரின் குறிப்பு. விசாரணை அதிகாரிக்கு மரியாதையான குரல். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தேன். நான் செய்த தப்பு அது.

"அந்தக் கட்டடத்துல ஆள் தங்க முடியுமா மேடம்?"

"முடியாது. அது குளிக்கிற இடம்" என்றேன்.

"ஏன் முடியாது?" என்றாள் அம்மா, காபிக் கோப்பைக்கு மேலிருந்து. "எங்கப்பா முதல்ல அதைத்தான் கட்டினாரு. வீடு எழும்பற வரைக்கும் ரெண்டு குளிர்காலம் ஆறு பேர் அதுலதான் இருந்தோம். நான் பொறந்ததே அதுலதான்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"ஆறு பேருன்னா சொன்னீங்க?"

"நான் பொறந்தப்புறம் ஆறு. அதுக்கு முன்ன அஞ்சு."

துல்லியம்! நான் எழுந்து முன்னறைக்குப் போய்ச் சன்னலைப் பார்த்து நின்றேன். பின்லாந்திலிருந்து இந்த ஏரிக்கரைக்கு வந்தவர்கள் முதலில் சௌனாவைக் கட்டினார்கள், அதிலேயே பிள்ளை பெற்றார்கள், அப்புறம்தான் வீடு. ஒவ்வொரு வருடமும் நான் நடத்துகிற பாடம் இது. தேர்வில் ஐந்து மதிப்பெண். அதையே எங்களுக்கு எதிராக அம்மா ஒப்பித்தாள்.

"அவரு கேட்டாரு. பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறாள்.

பிப்ரவரி 6

எழுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சோறு போட்டவள். நூற்றைம்பது அடி பனியைத் தாண்டிப்போய்க் கொட்டகையில் படுத்துக்கொள்ளட்டுமா? அதைத்தானே சொல்ல வர்றீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!

பிப்ரவரி 12

தீர்ப்பு இல்லை. "தங்கத் தகுந்த இடமா என்று நேரில் பார்க்க" ஒரு பரிசோதகரை அனுப்புகிறார்களாம். அளவுநாடாவோடு வந்து கொட்டகையில் ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போகப்போகிறார். நம்பிக்கை வைக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

பிப்ரவரி 18

பரிசோதகர் வந்தார். லெராய் என்று பெயர், அறுபது வயதிருக்கும். பக்கத்து மாவட்டத்துக்காரர். அம்மா ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்திருந்தாள். இரண்டாவது கோப்பையையும் மறுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குளிர்ந்த சமையலறையில் அவர் மூச்சும் காபியும் ஒன்றாகப் புகைந்தன.

சௌனாவுக்குள் மண்டியிட்டு நாடாவை நீட்டினார். இன்னொரு முறை அளந்தார்.

"அடுப்புக்கும் மரச்சுவருக்கும் முப்பத்தாறு அங்குலம் இடைவெளி இருக்கணும்னு விதி. இங்க பதினொண்ணுதான் இருக்கு."

"எண்பது வருஷமா எரியுது" என்றாள் அம்மா.

"எங்க வீட்டு சௌனாவுலயும் பதினொண்ணுதாம்மா. ஆனா என் வீட்டை அளக்க என்னை யாரும் அனுப்பல."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். இந்த அடுப்பு பாதுகாப்பில்லாதது என்று அவர் எழுதினால் மாற்று வெப்ப வசதி இல்லை என்றாகிவிடும். இரண்டு வாரத்தில் புது ஃபர்னஸ் வரும். பொய் இல்லை, எல்லாம் அளந்த உண்மை. ஆனால் வீட்டுக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: இந்த அடுப்பை இனி மூட்டமாட்டேன்.

"வேற வழியே இல்லையா?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. "ஒரு வீட்டைச் சூடாக்க, அந்த வீட்டுல இருக்கற ஒரே சூட்டை அணைக்கணுமா?"

"நானும் வர்ற வழி பூரா யோசிச்சேன் மேடம். எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான்."

அம்மா தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். திரும்பப் படித்தாள்.

"எழுதினா எழுதினதுதானே?"

லெராய் தன் பூட்ஸைப் பார்த்தார். "கோடைக்கு அப்புறம் யாரும் வந்து பார்க்க மாட்டாங்கம்மா."

"நான் பார்ப்பேனே" என்றாள் அம்மா.

நாளைக்குத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். போடாதே என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. போடு என்றும் வந்தது. சாயங்காலம் வரை அவள் எதிரில் உட்கார்ந்து மாணவர்கள் தாளைத் திருத்தினேன். 

பிப்ரவரி 19

கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாம்பலை அள்ளி, கல்லை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 6

டுவேனும் இன்னொருவனும் புது ஃபர்னஸை இறக்கினார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை. அம்மா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான் டுவேன்.

"நல்லா இருக்கு. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு."

மாலை ஒரு கடிதம் வந்தது. எங்கள் "திருப்தி"யை ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிட்டு அனுப்பவேண்டுமாம். எட்டுக் கேள்விகள். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 15, சனி

அரைமைல் தள்ளி இருக்கும் எல்மா, அம்மாவோடு பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவள். விஷயம் தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் சௌனாவுக்குக் கூப்பிடுகிறாள். மூன்று முறையும் முடியாது என்றாள் அம்மா. மூன்று சனியும் வீட்டுக் குளியலறையில் ஐந்தே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு எதையோ மறந்தவள்போல் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று நான் உள்ளே நுழைந்தபோது துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரை ஏலக்காய் ரொட்டி, துணியில் கட்டி.

"வண்டியை எடு" என்றாள்.

பின்கண்ணாடியில் எங்கள் வீடு அறுபத்தெட்டு டிகிரி இளஞ்சூட்டில், யாருமில்லாமல் பின்னால் போயிற்று.

எல்மா வாசலிலேயே நின்று கத்தினாள். "ஏண்டி சைமா, மூணு வாரமா அழுக்கோடயா இருந்தே? இல்ல குழாய்த் தண்ணியில குளிச்சியா? ரெண்டும் ஒண்ணுதான்!"

அம்மா பூட்ஸைக் கழற்றி, சௌனாக் கதவைத் திறந்து, அடுப்பையும் அதன் பின்னால் கருத்திருந்த சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பாக்கறே?"

"சுவருக்கும் அடுப்புக்கும் எத்தனை அங்குலம்?"

"யாருக்குத் தெரியும்? அளந்ததே இல்லை."

"அளக்காதே" என்று சொல்லிவிட்டு அம்மா மேல்பலகையில் ஏறினாள்.