டங்ஸ்டன் முனையில் ஒரு புள்ளி

சார்,

உங்கள் துறைத்தலைவர் மேசை இப்போது என் மேசை. சாவி எங்கே போனதோ, நேற்று அடி இழுப்பறையின் பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். தலைவலித் தைலம், காய்ந்த மைப்புட்டி, மஞ்சளாகிப்போன வினாத்தாள்கள், எல்லாவற்றுக்கும் அடியில் என் கைக்குட்டையில் சுற்றியபடி அந்த விளக்கு. கல்லூரி மைதானத்துக் கம்பத்திலிருந்து கழற்றிய மெட்டல் ஹாலைடு பல்பு. உள்ளே இருக்கும் சின்னக் குழாயின் இரண்டு முனையும் கரி பிடித்திருக்கிறது. கூடவே நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத் தாள். அதன் மூலையில் பச்சை மையில் 'பார்த்தேன்', கீழே உங்கள் சுருக்கொப்பம்.

அடேயப்பா, பார்த்துவிட்டீர்களாமே!

எது வந்தாலும் 'பார்த்தேன்' போட்டு உள்ளே தள்ளிப் பூட்டுவதுதானே உங்கள் நிர்வாகம். என் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டீர்கள். கல்யாணத்துக்குத்தான் வரவில்லை. போன மாதம் உங்கள் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "அறிவியல் மேதை" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மேதை செய்த காரியம் நினைவிருக்கிறதா? மைதான விளக்குகளின் சோக்கையெல்லாம் மாற்றச் சொன்னீர்கள். பல்புக்குப் போகும் கரண்டை அளந்து விடுவது சோக்கு. வேண்டிய அளவைவிடச் சின்னதாகப் போடவைத்து, "கம்மியாச் சாப்பிட்டா கூட நாள் இருக்கும்" என்று ஊரெல்லாம் பெருமையடித்தீர்கள். சிம்மக்கல்லில் கடை வைத்திருந்த காதர் அண்ணன்தான் அப்போது கல்லூரியின் மின்வேலைகளைப் பார்த்தவர். "சார், இந்தப் பல்புக்கு இது பத்தாது சார்" என்றார்.

"நீ பிஸிக்ஸ் படிச்சிருக்கியா?" என்று கேட்டீர்கள். நீங்கள் படித்த லட்சணம் இரண்டே மாதத்தில் தெரிந்தது.

வாலிபால் போட்டி அன்று பொழுது சாய்ந்ததும் போட்ட விளக்குகள் நடுங்க ஆரம்பித்தன. கொட்டாம்பட்டி அணிக்காரர் ஒருவர் மூக்கில் பந்தை வாங்கிக்கொண்டு, "போட்டா ஒழுங்காப் போடுங்க, இல்லாட்டி அமத்துங்கய்யா" என்று கத்தினார். முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை காதர் அண்ணனும் நானும் ஆய்வகத்து இருட்டறையில் அந்தப் பல்பை எரியவிட்டு, குவிலென்ஸ் வைத்து அதன் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்தோம். பழைய சோக்கில், டங்ஸ்டன் முனை முழுக்கத் தணலாகி, முனைக்கு முனை பாயும் மின்வில் அதன்மேல் பரவலாக உட்கார்ந்திருந்தது. உங்கள் சோக்குக்கு மாற்றினோம். முனை முழுவதையும் சூடாக வைக்க அந்தக் கரண்டு போதவில்லை. வில் சுருங்கி ஒரே புள்ளியில் போய் ஒட்டியது. அந்த ஒரு புள்ளி மட்டும் தாங்கமுடியாமல் கொதித்து டங்ஸ்டன் ஆவியாகிறது, குழாய்ச் சுவரில் கரியாகப் படிகிறது. பிறகு புள்ளி வேறிடத்துக்குத் தாவுகிறது, வெளிச்சம் நடுங்குகிறது. பட்டினி போட்டதால் பல்பு தன்னையே தின்றுகொண்டிருந்தது.

"இம்புட்டுத்தேன் மேடம் விசயம்" என்றார் காதர் அண்ணன். அவருக்கு அப்படியொரு சந்தோஷம். எல்லாவற்றையும் எழுதி, பல்போடு உங்கள் மேசையில் வைத்தேன்.

அன்று பிற்பகல் முதல்வர் அறையில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டூப்ளிகேட் பல்பை மாட்டிட்டான் சார், திருட்டுப்பய." கூசாமல் சொன்னீர்கள். என் தாளைப் படித்திருக்கமாட்டீர்கள் என்று இத்தனை வருடம் உங்களுக்குச் சலுகை கொடுத்திருந்தேன். அந்தப் பச்சை மைக்குக் கீழே அன்றைய தேதி இருக்கிறது சார், முற்பகல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நேரம் தவறாத மனிதரல்லவா! தெரிந்தேதான் ஒரு மனிதனைத் திருடனாக்கினீர்கள். த்தூ.

"டூப்ளிகேட் இல்ல சார், சோக்குதேன் சார்" என்று காதர் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அன்றோடு கல்லூரி வேலை போயிற்று. கல்லூரி விரட்டிய ஆள் என்று பள்ளிக்கூடங்களும் கூப்பிடுவதை நிறுத்தின.

இன்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் போனேன். காதர் அண்ணன் தன் மருமகனுடைய கடையின் மூலையில் உட்கார்ந்து மிக்ஸி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கே எழுதிக் கொடுத்திருந்தேன் அண்ணே, அந்த ஆள் படிச்சிட்டே பொய் சொல்லியிருக்கார்" என்று நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக மேடம்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அன்னைக்கு இதுல ஒரு வார்த்தைய வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். நான் உங்க முகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

கோபமே இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது உங்களிடம் இருந்தது சார். அதிலும் 'பார்த்தேன்' மட்டும் போட்டு உள்ளே தள்ளிவிடுவீர்களோ என்று பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களை அற்பர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அற்பர்தான், அதில் மாற்றமில்லை. விளக்கு மேசைமேல் இருக்கிறது, இழுப்பறையில் வைக்கக் கை வரவில்லை. அன்று அந்த அறையில் மூன்று பேருக்கு உண்மை தெரியும். காதர் அண்ணன் சொன்னார். நாம் இருவரும் சொல்லவில்லை.