உனக்காக ஹூஸ்டனில் ஒரு காதலி

வட அமெரிக்கக் கண்டத்தின் ஒப்பற்ற ஊமைக் காதலனும், என் அக்கா பெற்ற ஒரே மகனுமாகிய அன்புச் சபேசா,

மேலே சௌக்கியமா? இங்கே ஃப்ரீமான்ட் நகரமே மூழ்கிக்கொண்டிருக்கிறது. கண்ணீரில் அல்ல, சாம்பாரில். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று நம் தமிழ் வாட்ஸ்அப் குழு முறை வைத்துச் சாப்பாடு அனுப்புகிறது. நீ தனிக்கட்டை, அந்த வீட்டில் சாப்பிட ஆளே இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் சாமான்களை ஒழிக்க வந்த நான், ஒரு பட்டாளத்தின் சோற்றை ஒற்றை ஆளாக எதிர்த்து நிற்கிறேன்.

பத்திரிகையில் எழுதுகிறேனே என்று பதறாதே. நீ ஊமையாய்க் காதலித்த மீரா டெல்லியில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் கணவர் பங்குச்சந்தையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. போதாததற்குப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். உனக்கு வைத்த பெயர் பிடித்திருக்கிறதா?

போன வருஷம் நூலகத்தில் நம் வாசிப்புக் குழு கூடியது நினைவிருக்கும். மீரா தேர்ந்தெடுத்த பழைய அமெரிக்க நாவல். ஒருத்திக்காகவே உருகி, அவள் கிடைக்காமலே செத்துப்போகிறவனின் கதை. மீரா புத்தகத்தை மூடிவிட்டு, "ரொம்ப ஓவர் இல்ல? நிஜத்துல யாராவது இப்படி இருப்பாங்களா?" என்றாள்.

அவளுக்காக நியூஜெர்சி பதவி உயர்வையும், அக்கா பார்த்த எண்பத்தேழாயிரம் பெண்களையும் வேண்டாம் என்ற நீ, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "சான்ஸே இல்ல மீரா. ரைட்டர்ஸ் சும்மா பில்டப் பண்ணுவாங்க" என்றாய். எனக்குச் சமோசா புரையேறியது. நான் இருமிய இருமலைக் கலிஃபோர்னியா முழுக்க நிலநடுக்கம் என்று நினைத்தார்கள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் கேட்டேன். "அவ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா?"

"கதையில அவன் சொன்னதாலதான் மாமா எல்லாம் நாசமாச்சு. நான் சொல்லல. யாரும் சாகல பாருங்க."

யாரும் சாகவில்லையா, சபேசா? சனிக்கிழமை மாரடைப்பில் சமையலறையில் விழுந்தாய். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரவில்லையே என்று தேடி வந்துதான் கதவைத் திறந்தார்கள். வீட்டில் இன்னொரு ஆள் இருந்து உடனே 911-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்றார் டாக்டர். இதை மட்டும் எனக்குப் பெரிதுபடுத்திச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று மீராவின் முறை. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். கணவர் வெளியே காரில் காத்திருந்தார். பாத்திரத்தை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? சபேஷ் ஏன் கல்யாணமே பண்ணிக்கல?"

இத்தனை வருஷம் நீ வாயைத் திறக்காமல் காத்தது, அந்த ஒரு நிமிஷம் என் நாக்கு நுனியில் நின்றது. என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும்.

"ஹூஸ்டன்ல படிக்கறப்ப ஒருத்தி இருந்தாம்மா. அங்க ஹில்க்ராஃப்ட் தெருவுல அவ ரோடு கிராஸ் பண்ணா, சிக்னல் பச்சைக்கு மாறவே மறந்துடும். கடைசில ஒரு டாக்டரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா."

மீரா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவங்களுக்குத் தெரியுமா, சபேஷ் போயிட்டார்னு? யாராவது சொல்லணும் அங்கிள்."

"சொல்லியாச்சும்மா."

"அழுதாங்களா?"

அவள் கண்களைப் பார்த்தேன். காய்ந்திருந்தன. "அவ்வளவா இல்ல" என்றேன்.

"பாவம்" என்றாள். உன்னையா, அந்த ஹூஸ்டன்காரியையா? நான் கேட்கவில்லை. வெளியே ஹார்ன் அடித்தது, போய்விட்டாள்.

வாக்குக் கொடுக்கிறேன், மருமகனே. நான் இருக்கும்வரை அந்த ஹூஸ்டன்காரியும் இருப்பாள். மீரா கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயதைக் கூட்டுவேன், நரை விழச் செய்வேன், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்புவேன். ஃப்ரீமான்ட் பக்கம் மட்டும் ஒருநாளும் வர விடமாட்டேன்.

உன் அம்மாவின் தம்பி,
உன் மௌனத்துக்கு ஒரே வாரிசு,
மாமா